டிரைவரில் எந்தத் தொடக்க வரி மிகை?

நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒன்றின் நிரலைத் திறந்து படிப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது, ஒரே வேலை இரண்டு மூன்று இடங்களில் செய்யப்பட்டிருப்பதுதான். ஏற்கெனவே பூஜ்யமாக இருக்கும் மாறிக்கு மறுபடியும் பூஜ்யம் இடப்பட்டிருக்கும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் நிரப்பிக் கொடுத்துவிட்ட புலங்களை டிரைவர் தன் பங்குக்கு இன்னொரு முறை நிரப்பும். அடுத்த வரியிலேயே வேறு மதிப்பு வாங்கப் போகும் மாறிக்கு அறிவிப்பிலேயே ஒரு மதிப்பு தரப்பட்டிருக்கும். இவற்றுள் பெரும்பாலானவற்றை நீக்கலாம், நீக்கவும் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் மாறிக்கோ சிப்புக்கோ முதல் மதிப்பு இடும் ஒரு தொடக்க வரி மிகையா இல்லையா என்பதை அந்த வரியை மட்டும் பார்த்து ஒருபோதும் முடிவு செய்ய முடியாது. அது டிரைவரின் வாழ்நாளில் எத்தனை முறை ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் அதற்கு முன் எது ஓடி முடிந்திருக்கிறது என்ற இரண்டையும் அறிந்த பிறகே சொல்ல முடியும். லினக்ஸ் கெர்னலில் உள்ள 8139டூ டிரைவரை வைத்து இதை விளக்குவது எனக்கு எளிது. ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்8139 என்னும் 100 மெகாபிட் ஈதர்நெட் சிப்புக்கான அந்த டிரைவர் ஒரே கோப்பில் அடங்கிவிடுகிறது. க்யூஎமு என்னும் கணினிப் போலி மென்பொருள் அந்தச் சிப்பைப் பாவித்துக் காட்டுவதால், கார்டு கையில் இல்லாதவர்களும் ஓட்டிப் பார்க்கலாம்.

ஒரு நெட்வொர்க் டிரைவருக்குத் தொடக்கம் என்பது ஒன்றல்ல, மூன்று. முதலாவது ப்ரோப்: கார்டுகளைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ தடத்தில் கார்டு இருப்பதைக் கெர்னல் கண்டு டிரைவரை அழைக்கும் தருணம். நெட்வொர்க் சாதனத்துக்கான கட்டமைப்பும் டிரைவரின் சொந்தத் தரவுக்கான நினைவகமும் அங்கேதான் பிறக்கின்றன. கார்டு நீங்கும் வரை அவை உயிரோடு இருக்கும். இரண்டாவது ஓப்பன்: பயனர் இன்டர்ஃபேஸை மேலே கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் இது ஓடும். ஒரு நாளில் பத்து முறை இறக்கி ஏற்றினால் பத்து முறை ஓடும், ஆனால் நினைவகம் அதே பழைய நினைவகம்தான். மூன்றாவது, சிப்பை ரீசெட் செய்து மீண்டும் கிளப்பும் ஃபங்ஷன். 8139டூவில் அதன் பெயர் ஆர்டிஎல்8139_எச்டபிள்யூ_ஸ்டார்ட். இதை ஓப்பன் அழைக்கிறது. கணினி உறக்கத்திலிருந்து எழும்போது ரெஸ்யூம் அழைக்கிறது. அனுப்பிய பாக்கெட் போய்ச் சேராமல் வரிசை தேங்கி நின்றுவிட்டால், அதைச் சரிசெய்யும் பணியும் இதையே அழைக்கிறது. மிகை பற்றிய எல்லாக் கேள்விகளையும் இந்த மூன்று தொடக்கங்களுள் எதற்குள் அந்த வரி இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

ப்ரோப்பில் உள்ள மிகைகளை நீக்குவதே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. இன்றைய டிரைவர்கள் அல்லாக்_ஈதர்டெவ் என்னும் ஃபங்ஷன் வழியாகச் சாதனக் கட்டமைப்பையும் சொந்தத் தரவுப் பகுதியையும் சேர்த்தே பெறுகின்றன. அந்த நினைவகம் முழுவதும் பூஜ்யமாக்கப்பட்டே கைக்கு வருகிறது. ஆகவே அதற்குப் பிறகு மெம்செட் செய்வதும் (நினைவகப் பகுதி முழுவதற்கும் ஒரே மதிப்பு இடுவதும்), எண்ணிகளுக்கு ஒவ்வொன்றாகப் பூஜ்யம் இடுவதும், பாயிண்டர்களுக்கு ‘நல்’ (எதையும் சுட்டாத வெற்று) மதிப்பு இடுவதும் எந்தப் பயனும் தருவதில்லை. இவை இருப்பதால் வேகம் குறைவதுமில்லை. ப்ரோப் ஒரு முறைதான் ஓடுகிறது. படிப்பவரின் மனத்தில் ஐயத்தை விதைப்பதே இவற்றால் வரும் கேடு. பத்துப் புலங்களுள் ஆறுக்கு மட்டும் பூஜ்யம் இட்டிருப்பதைப் பார்ப்பவர், மற்ற நான்கை ஏன் விட்டார்கள், அவற்றில் குப்பை இருக்குமோ என்று தேடப் புறப்படுவார். பிறகு பதினோராவது புலத்தைச் சேர்ப்பவர், அதற்கும் ஒரு வரி எழுதுவதே இங்குள்ள முறை என்று எண்ணி எழுதுவார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் பழைய டிரைவர் ஆசிரியர்கள் மேல் குறை சொல்லத் தோன்றாது. டொனால்ட் பெக்கர் 1993–94இல் எழுதிய ஸ்கெலிட்டன்.சி என்னும் மாதிரிக் கோப்பு, லினக்ஸில் நெட்வொர்க் டிரைவர் எழுத வந்தவர்களுக்கு நெடுங்காலம் அரிச்சுவடியாக இருந்தது. அந்தக் காலத்தில் டிரைவர்தான் தன் சொந்தத் தரவுக்கு நினைவகம் கேட்டு வாங்க வேண்டும். நினைவகம் வாங்கித் தரும் ஃபங்ஷனான கேமெல்லாக் தரும் நினைவகத்தில் முன்பிருந்த குப்பை இருக்கும் என்பதால் மெம்செட் அவசியமாக இருந்தது. ஈதர்நெட்டுக்குரிய பொது மதிப்புகளை நிரப்பும் ஈதர்_செட்டப் ஃபங்ஷனையும் டிரைவரே அழைக்க வேண்டும். மாதிரிக் கோப்பில் இவை யாவும் அந்த வரிசையிலேயே இருந்தன. பின்னர் வந்த அல்லாக்_ஈதர்டெவ் இந்த மூன்று வேலைகளையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. ஆனால் நகலெடுத்து வளர்ந்த டிரைவர்களில் பழைய வரிகள் நின்றுவிட்டன. எழுதப்பட்ட அன்று அவை சரியான வரிகளே. அவற்றைச் சுற்றியிருந்த கெர்னல் மாறிய பிறகுதான் மிகையாயின.

அவற்றுள் ஈதர்_செட்டப்பை மட்டும் தனியே கவனிக்கச் சொல்வேன், ஏனெனில் அது வீண் வேலையோடு நிற்பதில்லை. அந்த ஃபங்ஷன் முகவரி நீளத்தை 6 பைட்டாகவும், தலைப்பு நீளத்தை 14 பைட்டாகவும், ஒரு பாக்கெட்டில் செல்லக்கூடிய அதிகபட்ச அளவான எம்டியூவை 1500 ஆகவும், எம்டியூவின் கீழ் எல்லையை 68, மேல் எல்லையை 1500 என்றும், அனுப்பும் வரிசையின் நீளத்தை 1000 என்றும் இடுகிறது. சாதனத்தின் கொடிகளை பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் இரண்டு மட்டும் என்று அப்படியே எழுதிவிடுகிறது. அல்லாக்_ஈதர்டெவ் இதை ஒரு முறை செய்து முடித்த பிறகு, டிரைவர் தன் சிப் 9000 பைட் ஜம்போ பாக்கெட்டுகளைத் தாங்கும் என்று மேல் எல்லையை உயர்த்தி வைத்திருக்க, அதற்குக் கீழே பழைய ஈதர்_செட்டப் அழைப்பு ஒன்று மிச்சம் இருந்தால், உயர்த்திய எல்லை சத்தமில்லாமல் 1500க்குத் திரும்பிவிடும். கம்பைலர் எச்சரிக்காது, பதிவிலும் எதுவும் வராது. பெரிய எம்டியூ கேட்கும் பயனருக்கு மட்டும் மறுப்பு வரும். எல்லை உயர்த்தும் வரி அந்த அழைப்புக்குக் கீழே இருக்கும் வரை எல்லாம் நன்றாகவே ஓடும் என்பதால், யாரோ ஒருவர் வரிகளை இடம் மாற்றும் நாள் வரை அந்தப் பிழை மறைந்தே இருக்கும். மிகையான வரி தீங்கற்றது என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த எடுத்துக்காட்டைத்தான்.

கெர்னல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட வேலைகள் வேறு பலவும் உண்டு. டிரைவர் விலகும்போது சாதனத்தின் தரவுப் பாயிண்டரை ‘நல்’ ஆக்கும் வேலையைச் சாதன அடுக்கே 2012 முதல் செய்துவருகிறது. அடுத்த ஆண்டில் நூற்றுக்கணக்கான டிரைவர்களிலிருந்து அந்த வரி நீக்கப்பட்டது. எம்டியூ எல்லைச் சோதனை 2017இல் வந்த 4.10 பதிப்பில் மையத்துக்குப் போனது. பாக்கெட்டுகளைத் தொகுதியாக எடுக்கும் நாப்பி முறையில் ஒரு சுற்றுக்கு இத்தனை பாக்கெட் என்று ஒவ்வொரு டிரைவரும் தந்துவந்த 64 என்னும் எண், 2022இல் வந்த 6.1 பதிப்பில் அந்த ஃபங்ஷனின் அளவுருவிலிருந்தே எடுக்கப்பட்டது. அனுப்பும் வரிசை தேங்கினால் எத்தனை நொடியில் விழித்துக்கொள்ள வேண்டும் என்று டிரைவர் சொல்லாவிட்டால் கெர்னல் 5 நொடி என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே 5 நொடி என்று எழுதும் டிரைவரில் அந்த வரி மிகை. 8139டூ 6 நொடி என்று எழுதுகிறது. அங்கே அது மிகையல்ல.

சிப் நேரடியாகப் படித்து எழுதும் முறையான டிஎம்ஏவுக்கான நினைவகத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டிஎம்ஏ_அல்லாக்_கோஹிரன்ட் தரும் நினைவகம் எப்போதும் பூஜ்யமாகவே வரும் என்பது 2019 மார்ச்சில் வெளியான 5.0 பதிப்பில் உறுதியானது. அதற்குப் பின் வந்த கெர்னலில் அந்த அழைப்பை அடுத்து வரும் மெம்செட்டை நீக்கலாம். ஆனால் ரவுட்டர் தயாரிப்பாளர்கள் தரும் பழைய 4.x கெர்னல்களிலும் ஓட வேண்டிய, கெர்னல் மரத்துக்கு (அதன் மூலநிரல் தொகுப்புக்கு) வெளியே வளரும் டிரைவரில் அதே நீக்கம் தவறாகிவிடலாம். இதைவிட முக்கியமான கேள்வி, அந்த நினைவகம் எப்போது பிறக்கிறது என்பது. 8139டூ தன் பஃபர்களை ஓப்பனில் வாங்கி, இன்டர்ஃபேஸை மூடும்போது திருப்பித் தந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் புதிய நினைவகம் கிடைக்கிறது. பஃபர்களின் முகவரிகளைச் சிப்புக்குச் சொல்லும் டிஸ்கிரிப்டர் வளையத்தை ப்ரோப்பிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ஓப்பனில் மெம்செட் மட்டும் செய்யும் டிரைவர்களும் உண்டு. அங்கே அந்த மெம்செட்டை நீக்கினால் முதல் முறை எல்லாம் ஒழுங்காக ஓடும். இரண்டாம் முறை இன்டர்ஃபேஸை ஏற்றும்போது, முந்தைய ஓட்டத்தின் டிஸ்கிரிப்டர்கள், சிப்புக்குச் சொந்தம் என்ற குறியோடு, எப்போதோ விடுவிக்கப்பட்ட முகவரிகளைச் சுட்டியபடி காத்திருக்கும்.

இப்போது 8139டூவில் உள்ள ஒரு வரிக்கு வருகிறேன். கர்_ஆர்எக்ஸ் என்னும் மாறிக்குப் பூஜ்யம் இடும் வரி அது. இந்தச் சிப் வரும் பாக்கெட்டுகளைத் தனித்தனிப் பஃபர்களில் வைப்பதில்லை; 32 கிலோபைட் அளவுள்ள ஒரே வளையத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போகும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் 4 பைட் தலைப்பு ஒன்றை வைக்கும். அதில் பாதி நிலைமைக் குறி, பாதி நீளம். அடுத்த தலைப்பை வளையத்தின் எந்த இடத்தில் படிக்க வேண்டும் என்பதை டிரைவர் கர்_ஆர்எக்ஸில் நினைவு வைத்துக்கொள்கிறது. அந்த மாறியைக் கொண்ட நினைவகம் ப்ரோப்பில் பூஜ்யமாகவே பிறக்கிறது. பிறகு ஓப்பனிலிருந்து அழைக்கப்படும், வளையத்தைத் தயார் செய்யும் ஃபங்ஷன் அதற்குப் பூஜ்யம் இடுகிறது. அதை அடுத்து ஓடும் எச்டபிள்யூ_ஸ்டார்ட்டும், வளையத்தின் முகவரியைச் சிப்புக்கு எழுதுவதற்குச் சற்று முன், அதே மாறிக்கு மறுபடியும் பூஜ்யம் இடுகிறது. ஓப்பனின் பாதையை மட்டும் தொடர்ந்து படிப்பவருக்கு மூன்று பூஜ்யங்களுள் கடைசி இரண்டும் மிகையாகவே தெரியும். குறைந்தது ஒன்றையாவது நீக்கலாம் என்று உறுதியாகத் தோன்றும்.

இரண்டையும் ஒருசேர நீக்கக் கூடாது என்பது உடனே விளங்கும், ஏனெனில் இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்றும்போது மாறியில் பழைய இடம் மிச்சம் இருக்கும். இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் கவனம் வேண்டும். வரிசை தேங்கியபோது ஓடும் பணி, வளையத்தைத் தயார் செய்யும் ஃபங்ஷனை அழைப்பதில்லை. அது அனுப்பும் பக்கத்தின் இரு எண்ணிகளை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டு நேரே எச்டபிள்யூ_ஸ்டார்ட்டை அழைக்கிறது. அங்கே சிப் ரீசெட் ஆகி, வளையத்தின் முகவரியைப் புதிதாகப் பெற்று, வளையத்தின் தலையிலிருந்து எழுதத் தொடங்கும். அந்தப் பாதையில் கர்_ஆர்எக்ஸுக்குப் பூஜ்யம் இடும் வரி எச்டபிள்யூ_ஸ்டார்ட்டுக்குள் இருப்பது ஒன்றுதான். அதை நீக்கியவரின் டிரைவர், சிப் வளையத்தின் தலையில் எழுதிக்கொண்டிருக்க, வளையத்தின் நடுவில் கிடக்கும் பழைய பைட்டுகளைத் தலைப்பு என்று எண்ணிப் படிக்கும்; அதிலிருந்து நீளம் என்று ஒரு குப்பை எண்ணை எடுத்துக்கொள்ளும். கேபிளோ ஸ்விட்சோ தொல்லை தந்து வரிசை தேங்கும் அரிய வேளையில் மட்டும் இது நிகழும் என்பதால், மேசையில் சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. ஆகவே உண்மையில் நீக்கத்தக்கது எதுவென்றால், வளையத்தைத் தயார் செய்யும் ஃபங்ஷனில் உள்ள வரிதான், அதுவும் அந்த ஃபங்ஷனை அழைக்கும் ஒவ்வொரு பாதையும் அடுத்து எச்டபிள்யூ_ஸ்டார்ட்டை அழைக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு. என்னைக் கேட்டால் அதையும் விட்டுவைத்து, எச்டபிள்யூ_ஸ்டார்ட்டில் உள்ள வரிக்கு மேலே தேக்கப் பாதையைக் குறிப்பிட்டு ஒரு வரிக் கருத்துரை எழுதுவேன். அந்த ஒரு வரி அடுத்து வரும் பத்துப் பேரின் தேடலை மிச்சப்படுத்தும்.

சிப்புக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு இடங்களான ரெஜிஸ்டர்களைத் தொடும் வரிகளுக்கு வரும்போது நினைவகத்தின் நியாயம் எதுவும் செல்லாது. எச்டபிள்யூ_ஸ்டார்ட்டிலேயே, அனுப்புதலையும் பெறுதலையும் இயக்கும் பிட்டுகள் முதலில் ஒரு முறை எழுதப்படுகின்றன. வாசல் அளவுகளை இடும் முன் இவற்றை இயக்கியே ஆக வேண்டும் என்று அங்கே கருத்துரையும் உண்டு. ஃபங்ஷனின் கடைசிப் பகுதியில் அதே ரெஜிஸ்டரைப் படித்து, இரண்டு பிட்டுகளும் எழுந்திருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடியும் எழுதுகிறது. நிரலாக மட்டும் பார்த்தால் இது மிகை. எழுதிய மதிப்பு ஏன் போய்விடப் போகிறது என்று கேட்கலாம். ஆனால் ரெஜிஸ்டர் என்பது மாறியல்ல. எழுதியது அப்படியே நிற்கும் என்ற உறுதியைச் சிப்தான் தர வேண்டும், சி மொழி தராது.

இதே டிரைவரில் சில எழுத்துகளுக்கான மேக்ரோக்கள், எழுதி முடித்தவுடன் அதே ரெஜிஸ்டரைப் படித்து, படித்த மதிப்பை எங்கும் பயன்படுத்தாமல் விட்டுவிடுகின்றன. பிசிஐ தடத்தில் எழுத்துகள் இடையில் உள்ள பாலங்களில் தங்கிப் பின்னர் போய்ச் சேரலாம். ஒரு படிப்பு நடந்தால்தான் முன்னால் எழுதியவை சிப்பை அடைந்துவிட்டன என்று உறுதி கிடைக்கும். கம்பி இணைப்பின் நிலையைக் கவனிக்கும் எம்ஐஐ நூலகத்தில் இணைப்பு உள்ளதா என்று சோதிக்கும் ஃபங்ஷன் நிலைமை ரெஜிஸ்டரை அடுத்தடுத்து இரண்டு முறை படித்து, முதல் மதிப்பை வீசிவிடுகிறது. இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும் அந்த பிட் கீழே விழுந்து, யாராவது படிக்கும் வரை அப்படியே கிடக்கும் என்பது ஈதர்நெட்டுக்கான 802.3 தரத்தின் விதி. முதல் படிப்பு பழைய செய்தியைக் கழிக்கிறது, இரண்டாவது இன்றைய நிலையைச் சொல்கிறது. ஆகவே சிப்பின் கையேட்டைத் திறக்காமல் ரெஜிஸ்டர் வரி எதையும் நீக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஃபங்ஷனுக்குள் இருக்கும் சிறு மாறிகளின் நிலை இதற்கு நேர்மாறு. பிழைக் குறியீட்டை வைத்திருக்கும் மாறிக்கு அறிவிப்பிலேயே பூஜ்யம் இடுவது பாதுகாப்பான பழக்கம் என்று பலர் கருதுகிறார்கள். ப்ரோப் போன்ற ஃபங்ஷனில் அது ஆபத்தான பழக்கம். எந்தப் படி தோல்வியுற்றாலும் கீழே உள்ள விடுவிப்புப் பகுதிக்குத் தாவி, அந்த மாறியைத் திருப்பித் தருவதே அங்குள்ள அமைப்பு. ஒரு படியில் மட்டும் பிழைக் குறியீட்டை இட மறந்து தாவினால், தொடக்கத்தில் இட்ட பூஜ்யம், அதாவது வெற்றி, திருப்பித் தரப்படும். டிரைவர் எல்லாவற்றையும் விடுவித்துவிட்டிருக்க, கெர்னல் சாதனம் தயாராகிவிட்டது என்று நம்பும். அந்தப் பூஜ்யத்தை நீக்கிவிட்டால், மதிப்பே இடப்படாமல் பயன்படுத்தப்படும் பாதையைக் கம்பைலர் காட்ட வாய்ப்பு உண்டு. ஜிசிசி கம்பைலரின் அந்த எச்சரிக்கை பொய்யாகவும் பல முறை ஒலித்ததால் 2020இல் கெர்னலின் இயல்பான கட்டமைப்பில் அணைக்கப்பட்டுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே கிளாங் என்னும் மற்றொரு கம்பைலர் கொண்டும் ஒரு முறை கம்பைல் செய்து பார்ப்பது நல்லது, ஸ்மாட்ச் கருவியும் இத்தகைய விடுபட்ட குறியீடுகளைப் பிடிக்கும். ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம்: இன்றைய கட்டமைப்புகள் பலவற்றில் உள்மாறிகளைக் கம்பைலரே பூஜ்யமாக்கும் விருப்பம் இயங்குவதால், பிழையான பாதையும் வெற்றி என்றே சொல்லும்.

ஒரு வரி மிகை என்பதற்குச் சான்று என்ன? உள்மாறிக்கு இடப்பட்ட, யாரும் படிக்காத மதிப்பென்றால், நீக்கும் முன்னும் பின்னும் கம்பைல் செய்து இரு ஆப்ஜெக்ட் கோப்புகளின் நிரல் பகுதிகளை ஒப்பிட்டால் போதும். கம்பைலர் ஏற்கெனவே அதைக் கழித்துவிட்டிருக்கும், இரண்டும் ஒன்றாகவே இருக்கும். இதைவிட வலுவான சான்று கிடையாது. கட்டமைப்பின் புலங்களுக்கு இது உதவாது. அங்கே அந்தப் புலத்தைத் தொடும் இடங்கள் அனைத்தையும் தேடி, ஒவ்வொன்றும் எந்தத் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று எழுதிப் பார்க்க வேண்டும். வரியின் வரலாற்றை, நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் வழியாகப் பின்தொடர்வதை நான் ஒருபோதும் விடுவதில்லை. முதல் பதிப்பிலிருந்தே இருக்கும் வரி பெரும்பாலும் நகலில் வந்தது. பின்னால் தனி பேட்ச்சாக (தனி மாற்றமாக)ச் சேர்க்கப்பட்ட வரிக்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ ஒருவரின் உறைந்துபோன கணினி இருக்கும், அதன் விளக்கக் குறிப்பும் அங்கேயே கிடைக்கும். பிறகுதான் சோதனை: க்யூஎமுவில் டிரைவரை ஏற்றி இறக்குவதோடு நிறுத்தாமல், போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்ற வேண்டும், கணினியை உறங்க வைத்து எழுப்ப வேண்டும், தேக்கப் பணியை வலிந்து ஓடச் செய்ய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் அந்த பேட்ச்சை ஏற்பார்களா என்பது தனிக் கேள்வி. லினக்ஸின் நெட்வொர்க் பிரிவைப் பேணுபவர்கள், வேறு வேலையின் பகுதியாக வராத எளிய துப்புரவு பேட்ச்சுகளை விரும்புவதில்லை என்று தங்கள் நெறிமுறை ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உள்மாறிகளின் வரிசையை மாற்றுவது, பெற்றதைத் தானே விடுவிக்கும் டெவ்எம் வகை ஃபங்ஷன்களுக்கு மாற்றுவது போன்றவை அங்கே எடுத்துக்காட்டாகத் தரப்பட்டுள்ளன. அதனால் விளையும் நிரல் கலக்கம் துப்புரவின் பயனைவிடப் பெரிது என்பது அவர்கள் வாதம். புதிதாக வருபவர்களுக்கு இது கடுமையாகத் தோன்றலாம், ஆனால் நான் இதை ஏற்கிறேன். யாரும் கையில் வைத்திராத கார்டின் டிரைவரில் சோதிக்காமல் செய்யப்படும் நீக்கம், கர்_ஆர்எக்ஸ் போன்ற ஒரு வரியை என்றாவது கொண்டுபோய்விடும். பழைய பதிப்புகளுக்குப் பிழைத்திருத்தங்களை எடுத்துச் செல்பவர்களுக்கும் ஒவ்வொரு தேவையற்ற மாற்றமும் ஒரு மோதல். ஆகவே ஒரு டிரைவரில் உண்மையான வேலை இருக்கும்போது, அந்த பேட்ச் தொடரின் தொடக்கத்தில் துப்புரவு பேட்ச்சுகளை வைப்பதே முறை. ஒரு பேட்ச்சில் ஒரு வகை மிகை மட்டும் இருக்கட்டும். பின்னால் பிழை நுழைந்த மாற்றத்தைப் பாதி பாதியாகத் தேடி பைசெக்ட் செய்பவருக்கு அது உதவும். விளக்கக் குறிப்பில் மிகை என்று மட்டும் எழுதாமல், அந்த மதிப்பை இப்போது யார் இடுகிறார்கள், எந்தக் கெர்னல் பதிப்பிலிருந்து இடுகிறார்கள், நீக்கிய வரியை அடையும் பாதைகள் எவை என்று எழுத வேண்டும். ஈதர்_செட்டப் போல நீக்கம் ஒரு பிழையையும் தீர்க்கிறதென்றால் அது துப்புரவே அல்ல; பிழையை நுழைத்த மாற்றத்தைச் சுட்டும் ஃபிக்சஸ் குறிப்போடு, புதிய வேலைகளுக்கான நெட்-நெக்ஸ்ட் மரத்துக்கு அல்லாமல் பிழைத்திருத்தங்களுக்கான நெட் மரத்துக்கு அனுப்ப வேண்டியது அது.